வாடகை வீட்டுப் படங்கள்: சர்வர் ஏன் விழுகிறது, படம் ஏன் படுத்துக்கொள்கிறது

ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஹெச்பி மொழிக்கான லாராவெல் சட்டகத்தில் எழுதிய ஒரு வாடகை வீட்டு விளம்பரத் தளம். வீட்டுக்காரர்கள் கைப்பேசியிலிருந்து ஐந்தாறு படங்கள் ஏற்றுகிறார்கள். இருப்பது 2 ஜிபி ராம் கொண்ட ஒரே சர்வர். படம் வந்து சேரும் அதே கோரிக்கையிலேயே ஜிடி என்ற பட நூலகத்தை வைத்துத் தம்ப்நெயில், அதாவது சிறிய மாதிரிப் படம், செய்கிறார்கள். பட்டியல் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது, சில தம்ப்நெயில்கள் பக்கவாட்டில் சாய்ந்து வருகின்றன, ஜன்னல் கம்பிகள் பிசிறடிக்கின்றன, அவ்வப்போது தளத்தின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் தானாக நின்றுவிடுகிறது. எல்லா அளவுகளையும் ஏற்றும்போதே செய்து வைப்பதா, யாராவது கேட்கும்போது செய்து கொடுப்பதா என்றும் கேட்டிருக்கிறார்.

மைஎஸ்கியூஎல் நிற்பதிலிருந்து தொடங்குகிறேன். கேட்டவர் அதை வேறு ஏதோ கோளாறு என்று நினைத்து வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறார். எனக்கென்னவோ அதுவும் படப் பிரச்சினைதான் என்று படுகிறது.

ஒரு ஜேபெக் கோப்பு வட்டில் 4 எம்பி இருக்கலாம். ஆனால் அதைச் சிறிதாக்க வேண்டுமென்றால் முதலில் அதைப் பிரித்து, ஒவ்வொரு பிக்சலையும் நினைவகத்தில் பரப்ப வேண்டும். அங்கே கோப்பின் எடைக்கு மதிப்பில்லை, அகலத்தையும் உயரத்தையும்தான் பெருக்க வேண்டும். சாதாரண 12 மெகாபிக்சல் படம் 4000 × 3000. ஜிடி ஒரு பிக்சலுக்கு 4 பைட் எடுக்கும், ஆக 48 எம்பி. கைப்பேசியில் 50 மெகாபிக்சல் முறையைத் தட்டிவிட்டு எடுத்த படம் 8160 × 6120, கிட்டத்தட்ட 200 எம்பி. 108 மெகாபிக்சல் என்றால் 432 எம்பி. அதை ஜிடியில் 90 பாகை திருப்பினால் இன்னொரு முழுப் பிரதி உருவாகும், அதாவது இரட்டிப்பு. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் ஏற்றினால் 2 ஜிபி சர்வர் எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"பிஹெச்பியில் மெமரி லிமிட் 128 எம்பி என்று வைத்திருக்கிறேனே, அது தடுக்காதா?" என்று கேட்பீர்கள். பிஹெச்பியோடு சேர்ந்தே வரும் ஜிடி என்றால் தடுக்கும், பிழைச் செய்தியோடு கோரிக்கை செத்துப்போகும். ஆனால் டெபியன், உபுண்டு தரும் பிஹெச்பி, கணினியில் தனியாக நிறுவிய ஜிடி நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறது. அந்த நூலகம் எடுக்கும் நினைவகம் பிஹெச்பியின் கணக்கில் வருவதே இல்லை. அது பாட்டுக்கு வளரும். ராம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் யாரையாவது கொன்றுதான் ஆக வேண்டும், பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருப்பவரைத்தான் பிடிக்கும். உங்கள் சர்வரில் அது மைஎஸ்கியூஎல். கெர்னல் பதிவைத் திறந்து, அது நின்ற நேரத்தில் "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டேட்டாபேஸ் அமைப்புகளைத் தோண்டுவதை விட்டுவிடலாம்.

இமேஜ்மேஜிக் என்ற வேறொரு பட நூலகத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தரம் கூடும், நினைவகம் குறையாது. வழக்கமான 16 பிட் கட்டமைப்பில் அது ஒரு நிறத் தடத்துக்கு 2 பைட் எடுக்கும், நான்கு தடத்துக்கு 8. 7-ஆம் பதிப்பில் வழக்கமாக வரும், நிற மதிப்பைத் தசம எண்ணாக வைக்கும் ஹெச்டிஆர்ஐ கட்டமைப்பில் அது 16 பைட் ஆகிறது. அதே 12 மெகாபிக்சல் படம் இப்போது 192 எம்பி. வரம்பைத் தாண்டினால் வட்டில் எழுதி வைத்து வேலை செய்யும், அதனால் சாகாது. ஆனால் நத்தையாகிவிடும்.

நான் பரிந்துரைப்பது லிப்விப்ஸ், சுருக்கமாக விப்ஸ். 1990-களின் தொடக்கத்தில் ஓவியங்களை மிக நுணுக்கமாகப் படம்பிடித்து ஆவணப்படுத்தும் ஒரு ஐரோப்பியத் திட்டத்தில் பிறந்த நூலகம் இது. லண்டன் நேஷனல் கேலரியும் அந்தத் திட்டத்தில் இருந்தது. அன்றைய கணினிகளின் நினைவகத்தில் அந்தப் படங்கள் அடங்கவே அடங்காது. ஆகவே படத்தை முழுதாக ஏற்றாமல், தேவையான பகுதியை மட்டும் இழுத்து இழுத்து வேலை செய்யும்படி அதைக் கட்டினார்கள். ஓவியங்களுக்காகச் செய்த அந்த ஏற்பாடு இன்று மலிவான சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வரமாகிவிட்டது. நோடில், அதாவது சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில், பலரும் பயன்படுத்தும் ஷார்ப் நூலகம் இதன் மேல் கட்டப்பட்டதுதான். பிஹெச்பிக்கும் இணைப்பு உண்டு. லாராவெல்காரர்கள் வழக்கமாக எடுக்கும் இன்டர்வென்ஷன் இமேஜ் என்ற படத் தொகுப்புக்கும் விப்ஸ் டிரைவர் கிடைக்கிறது.

அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். படத்தைத் திறந்து, பிறகு "ரீசைஸ்" என்று கூப்பிடாதீர்கள். "தம்ப்நெயில்" என்று தனியாக ஒரு செயல்பாடு இருக்கிறது, கோப்பின் பாதையை நேரடியாக அதற்கே கொடுங்கள். வித்தியாசம் பெரிது. ஜேபெக் ஒரு படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைவரிசைகளாக மாற்றிச் சேமிக்கிறது. எனவே அதைப் பிரிக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் பிரித்துவிட முடியும், முழு அளவுக்குப் போக வேண்டியதே இல்லை. 4000 × 3000 படத்திலிருந்து 400 அகலத் தம்ப்நெயில் வேண்டும் என்றால் விப்ஸ் அதைக் கால் அளவில், அதாவது 1000 × 750 ஆகப் பிரித்து, மீதியை நல்ல வடிகட்டியால் சுருக்கும். அரைக்கால் அளவிலும் பிரித்திருக்கலாம், ஆனால் கடைசிச் சுருக்கத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டால்தான் தரம் நிற்கும். 48 எம்பி வேலை இரண்டேகால் எம்பியில் முடிகிறது. இமேஜ்மேஜிக்கிலும் ஜேபெக்குக்கு எதிர்பார்க்கும் அளவை முன்கூட்டியே குறிப்பாகச் சொன்னால் இதே வித்தை நடக்கும். அந்தக் குறிப்பைக் கொடுப்பவர்கள்தான் குறைவு.

எந்த நூலகமாக இருந்தாலும், பிரிப்பதற்கு முன் அளவைப் பார்த்துவிடுங்கள். பிஹெச்பியின் கெட்இமேஜ்சைஸ் கோப்பின் தலைப்பை மட்டும் படித்து அகலம் உயரம் சொல்லிவிடும். பெருக்கிப் பார்த்து, உங்கள் வரம்பைத் தாண்டினால் பணிவாக மறுத்துவிடுங்கள். கோப்பின் எடையை மட்டும் பார்த்துத் தடுப்பது போதாது. ஒரே நிறத்தில் 30,000 × 30,000 பிஎன்ஜி ஒன்றை யாராவது அனுப்பினால் அது வட்டில் சில எம்பிக்குள் அடங்கிவிடும், பிரித்தால் 3.6 ஜிபி. பைத்தான் மொழியின் பட நூலகமான பில்லோ இதற்காகவே ஏறத்தாழ 9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கை தருகிறது, அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுக்கிறது. உங்களுக்கு 6 கோடி போதும், 50 மெகாபிக்சல் படங்கள் உள்ளே வந்துவிடும்.

அடுத்து, படுத்துக்கொள்ளும் படங்கள்.

கைப்பேசியை எப்படிப் பிடித்தாலும் கேமராவின் உணரி படத்தை ஒரே வாட்டத்தில்தான் எழுதுகிறது. "காட்டும்போது இப்படித் திருப்பிக்கொள்" என்று, படக் கோப்போடு வரும் குறிப்புகளான எக்ஸிஃப் பகுதியில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணை மட்டும் சேர்த்துவிடுகிறது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் பெரும்பாலும் 6 இருக்கும், வலப்பக்கமாக 90 பாகை திருப்பு என்று அர்த்தம். 2020 வாக்கில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றுமே இந்த எண்ணை மதித்துத் தாமாகவே திருப்பிக் காட்டத் தொடங்கின. அதனால் மூலப் படத்தை உலாவியில் திறந்தால் நேராக நிற்கிறது. ஜிடி அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. எழுதும்போது எக்ஸிஃப் முழுவதையும் உதறிவிடுகிறது. திருப்பவும் இல்லை, திருப்பச் சொன்ன குறிப்பும் போய்விட்டது. மூலம் நேராக, தம்ப்நெயில் படுத்தபடி இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

சரிசெய்யும் வழி: முதலில் திருப்பு, பிறகு அளவை மாற்று, கடைசியில் எக்ஸிஃபை நீக்கு. வரிசை மாறினால் இன்னொரு வம்பு வரும். திருப்புவதற்கு முந்தைய அகல உயரத்தை வைத்து விகிதம் கணக்கிட்டால், 6 என்று குறித்த படத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும், வீடு நசுங்கித் தெரியும். விப்ஸின் தம்ப்நெயில் செயல்பாடு இந்தத் திருப்பலைத் தானே செய்துவிடுகிறது.

எக்ஸிஃபை நீக்குவது அழகுக்காக இல்லை. அதில் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் ஆயத்தொலைவு இருக்கக்கூடும். வாடகை வீட்டுத் தளத்தில் இதன் பொருள் என்ன? "ஏரியா பெயர் மட்டும் போடுங்கள், முகவரி வேண்டாம்" என்று சொன்ன வீட்டுக்காரரின் வாசலுக்கே, படத்தைத் தரவிறக்கும் எவரும் வழி கண்டுபிடித்துவிடலாம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டு மாடிப் பகுதிகளும் நம் ஊர்களில் வாடகைக்கு வருகின்றன. ஆகவே மூலப் படத்தை ஒருபோதும் பொதுவெளியில் பரிமாறாதீர்கள். இப்போது அது பப்ளிக் அடைவில் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள்.

ஆனால் எக்ஸிஃபோடு சேர்த்து, படத்தின் எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் நிறச் சுயவிவரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். ஐஃபோன் 7 முதல் ஆப்பிள் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் வருகின்றன. சுயவிவரத்தை மட்டும் கிழித்துவிட்டால் உலாவி அந்த எண்களை வலையின் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், நிறம் வெளிறிவிடும். முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், பிறகு நீக்குங்கள். பில்டர்கள் தங்கள் பிரசுரத்துக்காக அச்சகத்தில் செய்த படங்களை அப்படியே ஏற்றுவார்கள், அவை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் அமைந்த ஜேபெக்காக இருக்கலாம். அவற்றுக்கும் இந்த மாற்றம்தான் மருந்து.

ஜன்னல் கம்பி பிசிறடிப்பது பழைய நண்பர். பிஹெச்பியில் இமேஜ்காப்பிரீசைஸ்டு, இமேஜ்காப்பிரீசாம்பிள்டு என்று இரண்டு இருக்கின்றன. முதலாவது பத்துப் பிக்சலில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஒன்பதைத் தூக்கிப் போடுகிறது. கிரில், டைல்ஸ் இடுக்கு, மின்கம்பி போன்ற மெல்லிய கோடுகள் அதில் விட்டுவிட்டுத் தெரியும், சில சமயம் இல்லாத அலைக்கோலங்கள்கூட முளைக்கும். இரண்டாவது சுற்றியுள்ள பிக்சல்களைச் சராசரி எடுக்கிறது. இரண்டின் பெயரும் நாலு எழுத்தில் வித்தியாசப்படுவதால் பழைய உதாரண நிரல்களில் முதலாவதே சுற்றிவருகிறது. விப்ஸுக்குப் போனால் லான்சோஸ் வடிகட்டி தானாகவே வந்துவிடும். கோப்பிலுள்ள எண்களை உண்மையான ஒளி அளவாக மாற்றிச் (காமா திருத்திச்) சுருக்குவதுதான் முறைப்படி சரி என்று வாதிடுகிறவர்கள் சொல்வதும் உண்மைதான். கறுப்பும் (0) வெள்ளையும் (255) மாறி மாறி வரும் கோடுகளை அப்படியே சராசரி எடுத்தால் 128 வரும், ஒளியின் கணக்கில் 188 வர வேண்டும். ஆனால் அந்த வழியில் போனால் ஜேபெக்கைச் சிறிதாகவே பிரிக்கும் வேகம் கைவிட்டுப்போகும். நகைக்கடைத் தளம் என்றால் யோசிக்கலாம். வாடகை வீட்டுக்கு வேண்டாம்.

இப்போது கடைசிக் கேள்வி: ஏற்றும்போதா, கேட்கும்போதா?

அதற்கு முன்னால் வேறொன்றைத் தீர்மானிக்க வேண்டும். தம்ப்நெயில் அடைவு முழுவதையும் இன்று மாலை அழித்துவிட்டால் நாளை காலைக்குள் தானாக மீண்டும் உருவாகுமா? "ஆம்" என்றால் நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள். "ஐயோ" என்றால் எந்த வழியும் உதவாது. மூலப் படம் விதைநெல். அதை யாரும் தொடாமல் தனி அடைவில், முடிந்தால் தனிச் சேமிப்பகத்தில் வையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து செய்து எடுப்பவை, எந்நேரமும் தூக்கிப் போடலாம். பக்க வடிவமைப்பு மாறும், புதிய படவகை வரும், தரம் 80-இலிருந்து 75 ஆக்க நினைப்பீர்கள். மூலத்தையே 800 அகலத்துக்குச் சுருக்கி எழுதிவிட்டு அசலை அழித்திருந்தால், அந்த ஒவ்வொரு முறையும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

உங்கள் தளத்தில் எந்தப் பக்கத்தில் எந்த அளவு என்பது முன்பே தெரியும். எனவே ஏற்றும்போதே செய்யுங்கள், ஆனால் அந்தக் கோரிக்கைக்குள் வேண்டாம். மூலத்தைச் சேமி, ஒரு வரிசைப் பதிவு போடு, "கிடைத்தது" என்று பதில் அனுப்பு. மீதியை, வேலைகளைப் பின்னணியில் ஒவ்வொன்றாகச் செய்யும் வரிசையான க்யூ பார்த்துக்கொள்ளும். 2 ஜிபி சர்வரில் ஒரே ஒரு பட வொர்க்கர், அதாவது அந்த வரிசையிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் நிரல், போதும். ஒரு நேரத்தில் ஒரு படம்தான் பிரிக்கப்படும் என்ற உறுதியே நினைவகச் சிக்கலில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. க்யூவுக்கென்று ரெடிஸ் போன்ற தனிச் சேமிப்பு எதுவும் வேண்டாம், லாராவெலின் டேட்டாபேஸ் க்யூவே இந்த அளவுக்குத் தாங்கும்.

க்யூவில் சில பள்ளங்கள் உண்டு. விளம்பரத்தைச் சேமிக்கும் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே, அதாவது டேட்டாபேஸில் பதிவு இன்னும் உறுதியாகாத நிலையிலேயே, வேலையை அனுப்பினால், அது முடிவதற்கு முன் வொர்க்கர் ஓடிப்போய்ப் பார்த்து "அப்படி ஒரு படமே இல்லையே" என்று தோற்கும். பதிவு உறுதியான (கமிட் ஆன) பிறகு அனுப்பும் அமைப்பை இயக்குங்கள். வொர்க்கரின் 128 எம்பி நினைவக வரம்பும் பிஹெச்பியின் சொந்தக் கணக்கை மட்டுமே பார்க்கிறது, விப்ஸ் எடுப்பது அதற்குத் தெரியாது. ஆகவே சில நூறு வேலைகளுக்கு ஒருமுறை வொர்க்கர் தானே ஓய்வுபெற்றுப் புதிதாகப் பிறக்கட்டும். ஒரு வேலை 90 விநாடியைத் தாண்டினால் வழக்கமான அமைப்பில் அது மறுபடி வரிசைக்கு வந்துவிடும், ஒரே படம் இருமுறை செய்யப்படலாம். இருமுறை செய்தாலும் கேடில்லாதபடி எழுதுங்கள்: தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு, பிறகு பெயர் மாற்றுங்கள். அரைகுறைக் கோப்பு யார் கண்ணிலும் படாது.

தம்ப்நெயில் தயாராகும் அந்தச் சில விநாடிகளில் வீட்டுக்காரர் என்ன பார்ப்பார்? அவருடைய கைப்பேசியிலேயே இருக்கும் படத்தை உலாவி நேரடியாகக் காட்டலாம், சர்வருக்கு வரவே வேண்டாம். மற்றவர்களுக்கு, படத்தின் நிலை "தயார்" என்று ஆகும்வரை விளம்பரத்தையே காட்டாமல் இருப்பது எளிது.

கேட்கும்போது செய்து கொடுக்கும் முறை அளவுகள் முன்கூட்டித் தெரியாத இடங்களுக்கு நல்லது. இமேஜ்பிராக்சி, தம்போர் போன்ற மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன, செய்த படத்தின் பிரதியை வைத்துக்கொண்டு பரிமாறும் சிடிஎன் ஒன்றை முன்னால் நிறுத்தினால் ஒரு அளவு ஒருமுறைதான் செய்யப்படும். ஆனால் முகவரியில் அகலத்தை அப்படியே எழுதவிட்டால், யாராவது 1 முதல் 5000 வரை ஒவ்வொன்றாகக் கேட்டு உங்கள் சர்வரை வாட்டலாம். முகவரிக்கு ரகசியச் சாவியால் கையொப்பம் இடுங்கள், அல்லது நான்கு அகலங்களைத் தவிர மற்றவற்றை மறுத்துவிடுங்கள்.

எத்தனை அளவுகள் வேண்டும்? ஃபேஸ்புக் தன் படச் சேமிப்பைப் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வுத்தாளில், ஏறிய 6,500 கோடிப் படங்களில் ஒவ்வொன்றையும் நான்கு அளவுகளில் வைத்திருப்பதாகச் சொன்னது. வேர்ட்பிரஸ் 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து ஒரு பெரிய படத்துக்கு 150, 300, 768, 1024, 1536, 2048 என்று போட்டு, மேலே 2560-க்குக் குறைத்த ஒன்றையும் சேர்க்கிறது. தீம் தன் பங்குக்கு இன்னும் நாலைந்து கேட்கும். சொந்தமாக எழுதுபவருக்கு அந்தப் பாவம் வேண்டாம். பட்டியல் அட்டை கைப்பேசியில் சுமார் 360 பிக்சல் அகலம். இன்றைய திரைகள் அதை இரண்டு, மூன்று மடங்கு அடர்த்தியில் வரைகின்றன. மூன்று மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம், எனவே 800 போதும். பழைய திரைகளுக்கும் கணினிக் கட்டத்துக்கும் 400. முழுத்திரைக்கு 1600. அட்மின் பக்கத்துக்கு வேண்டுமானால் 160. முடிந்தது.

கோப்பு வகை வெப்பி (WebP), தரம் 75 சுற்றி. சஃபாரி 14 வந்த 2020-க்குப் பிறகு அதைக் காட்டாத உலாவி நடைமுறையில் இல்லை. ஏவிஃப் (AVIF) இன்னும் சிறியது, சஃபாரியிலும் 16 முதல் தெரியும், ஆனால் உருவாக்க நேரமும் சிபியுவும் தின்னும். ஒற்றைச் சர்வரில் அந்தச் செலவு எனக்கு நியாயமாகப் படவில்லை. வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது முன்காட்சிக்கு என்று ஒரு ஜேபெக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பின்புலம் இல்லாத பிஎன்ஜியை ஜேபெக்காக்கினால் வெற்றிடம் கறுப்பாகிவிடும், வெள்ளைமேல் படியவைத்துவிட்டு மாற்றுங்கள். தம்ப்நெயிலில் மட்டும் சிவப்பு எழுத்து மங்கினால், "டு லெட்" பலகையில் இது அடிக்கடி நடக்கும், நிறத் தகவலைப் பாதி அடர்த்தியில் சேமிக்கும் வழக்கம்தான் காரணம். அதை விட்டுவிடலாம், யாரும் புகார் செய்ய மாட்டார்கள்.

வெட்டுவது பற்றி ஒரு சொல். நடுவிலிருந்து சதுரமாக வெட்டினால் நிமிர்த்தி எடுத்த சமையலறைப் படத்தில் அடுப்பு மேடை மட்டும் மிஞ்சும். முக்கியமான பகுதியைத் தானே கண்டுபிடிக்கும் நிரல்களும் இருக்கின்றன, ஆனால் ட்விட்டர் அப்படியொன்றை ஓட்டி, அது சில முகங்களுக்குச் சாதகமாக வெட்டுகிறது என்று 2020-இல் பேச்சு வாங்கி, அடுத்த ஆண்டு கைவிட்டது. தம்ப்நெயிலை வெட்டாமல் முழு விகிதத்தில் செய்யுங்கள், அட்டையில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும். சில கிலோபைட் வீண்தான். வடிவமைப்பாளர் மனம் மாறும் நாளில் அந்த வீணுக்காக என்னை வாழ்த்துவீர்கள்.

கோப்புப் பெயரில் நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. பயனர் தந்த பெயரையே வைத்துச் சேமிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். "சமையலறை" என்பதில் ஏழு யூனிகோடு குறியெண்கள், ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட், முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு எழுதும்போது 9 எழுத்து. அந்த ஒரு சொல் 63 எழுத்தாக நீள்கிறது. லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டில் முடிந்துவிடும், தமிழுக்கு 85 குறியெண்கள்தான். இதைவிடக் கொடியது வேறு: "கொல்லைப்புறம்" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். மேக்கிலிருந்து வரும் பெயர்களில் பிரிந்த வடிவம் வரலாம், விண்டோஸிலிருந்து சேர்ந்தது வரும். டேட்டாபேஸில் ஒன்றும் வட்டில் மற்றொன்றும் இருந்தால், கண்முன்னே இருக்கும் கோப்பு "இல்லை" என்று வரும். பயனர் தந்த கோப்புப் பெயரை டேட்டாபேஸின் ஒரு நெடுவரிசையில் காட்சிக்காக வைத்துக்கொள்ளுங்கள். வட்டில் எழுதுவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து எடுத்த ஹாஷ் (கைரேகை போன்ற ஒரு குறியீடு), அகலம், செய்முறையின் பதிப்பு எண், இவை மூன்றும் சேர்ந்த பெயராக இருக்கட்டும். நாளை தரத்தையோ வடிகட்டியையோ மாற்றும்போது பதிப்பு எண்ணை ஒன்று கூட்டினால் முகவரியே புதிதாகிவிடும். உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதி (கேஷ்) குறுக்கே வராது. அதனால் தைரியமாக "ஓராண்டு வைத்துக்கொள், மாறாது" என்று பதிலின் ஹெடரில் குறித்துப் பரிமாறலாம்.

பட்டியல் பக்கத்தின் கணக்கு இதற்குப் பிறகு தானாகத் தீரும். 20 அட்டைகள், ஒவ்வொன்றிலும் 4 எம்பி மூலம் என்றால் 80 எம்பி. 400 அகல வெப்பி பெரும்பாலும் 30 கிலோபைட் சுற்றி வரும், மொத்தம் 600 கிலோபைட். ஹெச்டிஎம்எல் படக் குறியில் அகலமும் உயரமும் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வந்து விழும்போதெல்லாம் பக்கம் குதிக்கும். 400, 800 இரண்டையும் அந்தக் குறியின் சோர்ஸ்செட் பண்பில் கொடுத்து, அட்டை எவ்வளவு அகலம் என்பதையும் சைஸஸ் பண்பில் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் உலாவி முழுத்திரை அகலம் என்று எண்ணிக்கொண்டு பெரியதையே இழுக்கும். கீழே இருப்பவற்றுக்கு லேசி லோடிங் (அருகே வரும்போது மட்டும் ஏற்றுவது) போடுங்கள், முதல் திரையில் தெரியும் படங்களுக்குப் போடாதீர்கள்.

ஏற்றும் பக்கத்திலேயே கைப்பேசியில் 2048 அகலத்துக்குச் சுருக்கி அனுப்பலாமா என்றால், உங்கள் தளத்துக்கு நான் ஆம் என்பேன். குளியலறைப் படத்தை யாரும் பெரிதாக அச்சடிக்கப் போவதில்லை, மொட்டைமாடியில் சிக்னல் தேடும் வீட்டுக்காரருக்கு ஐந்து எம்பி அரை எம்பி ஆவது பெரிய நிம்மதி. உலாவியின் வரைபலகையான கேன்வாஸ் வழியாகப் போகும்போது ஜிபிஎஸ்ஸும் உதிர்ந்துவிடும். ஐஃபோன் சஃபாரியில் கேன்வாஸுக்கு ஒரு பிக்சல் வரம்பு உண்டு, 50 மெகாபிக்சல் படம் அங்கே வெறுமையாகலாம். அப்போது மூலத்தையே அனுப்பிவிடுங்கள். கோப்புத் தேர்வில் ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி மட்டும் என்று குறித்தால் ஐஃபோன் தன் ஹெய்க் வகைப் படங்களைத் தானே ஜேபெக்காக்கித் தரும். இதெல்லாம் உலாவியின் தயவு. சர்வர் தன் சோதனைகளில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.

சோதனை என்றால், கோப்பின் வால்பெயரை நம்பாமல் முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். எஸ்விஜி வகைப் படங்களை ஏற்காதீர்கள், அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கலாம். இமேஜ்மேஜிக்கில் 2016-இல் "இமேஜ்ட்ராஜிக்" என்று பெயர்பெற்ற ஓட்டை வந்தபோது, படம் போல நடித்த ஓர் எழுத்துக் கோப்பே சர்வரில் கட்டளை ஓட்டியது. 2023 செப்டம்பரில் வெப்பி நூலகத்திலேயே கடும் பிழை கண்டுபிடிக்கப்பட்டு உலாவிகள் எல்லாம் அவசரமாகப் புதுப்பித்தன. பட நூலகங்களின் பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தானியங்கியாக வைத்துவிடுங்கள். சின்ன விஷயம் ஒன்று: வலை சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் உள்ள கோரிக்கையைத் திருப்பி அனுப்பும், பிஹெச்பி 2 எம்பிக்கு மேல் கோப்பை ஏற்காது, மொத்தப் படிவமும் 8 எம்பியைத் தாண்டினால் பிஹெச்பி படிவத்தின் எல்லாப் புலங்களையும் காலியாக்கிவிடும், லாராவெல் இயல்பாக அந்தக் கோரிக்கையையே 413 பிழையோடு மறுத்துவிடும். "படம் ஏறவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது புகார் சொன்னால் முதலில் இந்த வரம்புகளைப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏறிய படங்களுக்கு லாராவெலின் கட்டளை வரிக் கருவியான ஆர்டிசனில் ஒரு கட்டளை எழுதி, அடையாள எண் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, முன்னுரிமை குறைந்த தனி க்யூவில் போடுங்கள். புதிய படங்கள் அதற்குப் பின்னால் காத்திருக்கக் கூடாது. இப்போது கூகுளிலும் வாட்ஸ்அப் உரையாடல்களிலும் சுற்றும் பழைய முகவரிகள் மூலப் படத்தை நோக்கித்தான் இருக்கின்றன. மூலத்தை உள்ளே நகர்த்திய கையோடு அந்த முகவரிகளை 1600 அகலப் படத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். முன்னால் சிடிஎன் ஏதும் இருந்தால் பழைய மூலங்களை அங்கிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் சர்வரில் அழிந்த ஜிபிஎஸ், கேஷ் காலாவதி ஆகும்வரை அங்கே உட்கார்ந்திருக்கும்.